குழிக்கு ஒரு வாய்க்கால்

போன வாரம் நான் ஓய்வு பெற்ற, செல்போன் விளையாட்டு செய்கிற உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் டீ குடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "ஆடறவங்க வழி தெரியாம எவ்வளவு நேரம் சுத்தலாமுங்க? அதுக்கு ஏதாச்சும் கணக்கு இருக்குதுங்களா?"

நல்ல கேள்வி. அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஓய்வு பெற்றவர்களுக்கு நாக்கு முன்னால் ஓடும், மூளை பின்னால் மெதுவாக நடந்து வரும். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். கணக்கு என்று என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு திங்கட்கிழமை இருக்கிறது. அதை அந்தப் பெண்ணுக்காகவும் உங்கள் எல்லோருக்காகவும் எழுதுகிறேன்.

நான் விளையாட்டுத் தொழிலைப் படித்துவிட்டு வந்தவள் இல்லை. பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் என்ன கேட்கிறார் என்பதைத் தைப்பவர்களிடமும், தைப்பவர்களால் என்ன முடியும் என்பதைப் பையரிடமும் சொல்லி, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. முதலாளியின் மகன் கார்த்தி கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, மாடியில் சும்மா கிடந்த, தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் ஹாலில் செல்போன் விளையாட்டு செய்கிற கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். இரண்டாயிரத்துகளின் நடுவில், எல்லோர் கையிலும் பட்டன் போன் இருந்த காலம். "அக்கா, உங்களுக்குப் பையரைச் சமாளிக்கத் தெரியுமுங்க. சொன்ன நாளுக்குச் சரக்கு அனுப்பவும் தெரியும். மேல வந்துருங்க" என்றார். மாடிதானே, போய்ப் பார்ப்போம் என்று ஏறினேன்.

நாங்கள் செய்த முதல் பெரிய விளையாட்டுக்கு, அதை வாங்கி வெளியிடவிருந்த வெளிநாட்டுப் பையர் வைத்த ஆங்கிலப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்கள் அதைக் 'கிணறு' என்றுதான் சொன்னோம். தண்ணீர் வற்றிய பெரிய கிணறு ஒன்றில் ஒரு பெண் இறங்குகிறாள். அடியில் சுரங்கங்கள், அறைகள், மேலே விழுந்து பிடுங்கும் வௌவால்கள். அவள் கையில் ஓர் உண்டிவில். இந்த வகை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் என்று போகாது. எல்லா அறைகளும் ஒன்றோடொன்று சேர்ந்த ஒரே இடம். இப்போது எட்டாத மேடு, இரட்டைத் தாவல் கிடைத்தபின் திரும்பி வந்தால் எட்டும். இப்போது ஏற முடியாத சுவரில், கொக்கிக் கயிறு கிடைத்தபின் ஏறலாம். வழியெல்லாம் அந்தக் கிணறு, "இப்ப முடியாது, அப்புறம் வா" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆடுபவர் அதை நம்பி, இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு நகர்வார். அந்த நம்பிக்கைதான் நாம் விற்கிற சரக்கு, மற்றதெல்லாம் பேக்கிங்.

கிணற்றின் அறைகளையெல்லாம் யோசித்து வரைந்தவன் ஸ்டீபன். நான் அவனை வாடா போடா என்றுதான் பேசுவேன், அதனால் இங்கேயும் 'அவன்' என்றே எழுதுகிறேன். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். மாடிக்கு வருவதற்கு முன்னால் கீழே குழந்தைகள் பனியனுக்குப் பிரிண்ட் டிசைன் போட்டுக்கொண்டிருந்தான். கரடி, பலூன், மறுபடியும் கரடி. "இன்னும் ஒரு கரடி வரைஞ்சா எனக்கே முடி மொளைச்சிரும்க்கா" என்பான். மாடிக்கு வந்த பிறகுதான் அவன் சீட்டி அடித்து நான் கேட்டேன்.

அந்த ஹால் எங்களுக்கு நிரந்தரம் இல்லை. கீழே ஆர்டர் கூடிக்கொண்டிருந்தது, செக்கிங்குக்கு இடம் போதவில்லை. கார்த்தியின் அப்பா, நாங்கள் பெரியவர் என்று சொல்லும் முதலாளி, மகனுக்குக் கெடு வைத்திருந்தார். 'கிணறு' நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும், அதுவும் தனக்குப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் மாடிக்குச் செக்கிங் மேசை வந்துவிடும். அப்படி நடந்தால் கார்த்தி அப்பாவின் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்வார். எனக்குப் பழைய மேசை காத்திருந்தது. ஸ்டீபனுக்குத்தான் மறுபடியும் கரடி.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பனியன் தொழிலில், மொத்தமாகத் தைப்பதற்கு முன்னால் ஒரு சாம்பிள் தைத்துப் பையருக்கு அனுப்புவோம். அவர் ஒப்புக்கொண்டு சீல் வைத்துவிட்டால் அது வேதவாக்கு. அப்புறம் ஒரு தையலைக்கூட யாரும் மாற்றக் கூடாது. இந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றி வைக்காமல் அப்படியே மாடிக்குக் கொண்டுபோனோம். பேட்டர்ன் வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில் கிணற்றின் அறைகள் எல்லாவற்றையும் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தோம். ஓர் அறையை ஆடிப் பார்த்து, பையரும் சரி என்று சொல்லிவிட்டால், அதன் மேல் ஒரு பச்சை ஸ்டிக்கர். பச்சை விழுந்த அறையை அப்புறம் யாரும் தொடுவதில்லை, திரும்பிப் போய்ப் பார்ப்பதும் இல்லை. பனியனுக்கு இது சரி. நேற்றுத் தைத்த பனியனை இன்றைக்குத் தைக்கிற பனியன் எதுவும் செய்துவிடாது.

வேலை முடியும் தறுவாயில் பையர் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. ஆரம்பம் மந்தமாக இருக்கிறது, பாய்ச்சலை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள் என்றார்கள். பாய்ச்சல் என்பது, ஒரு பட்டனை அழுத்தினால் அந்தப் பெண் பக்கவாட்டில் விருட்டென்று பாய்வது. நல்ல யோசனைதான். ஸ்டீபன் அதை ஆரம்ப அறை ஒன்றுக்கு மாற்றினான். அந்த அறையை மட்டும் மறுபடி ஆடிப் பார்த்தோம். பையருக்குச் சந்தோஷம், எங்களுக்கு ஒரு பச்சை.

சரக்கு அனுப்ப வேண்டிய நாள் திங்கட்கிழமை. சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். முந்தின நாள் காலையில் கார்த்தி தன் அப்பாவின் போனில் விளையாட்டை ஏற்றிக் கொடுத்திருந்தார். திறந்ததும் முதலில் கம்பெனியின் பெயர் பெரிய படமாக வரும். அது பெரியவர் பனியன் கம்பெனிக்கு வைத்த தன் அம்மாவின் பெயர்தான். அவர் அந்தப் படத்தை வீட்டில் எல்லோரிடமும் காட்டினாராம். "நம்ம பேரு போனுக்குள்ள எல்லாம் வருது பாரு" என்றாராம். அதோடு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் என்றுதான் கார்த்தி நினைத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை பெரியவர் மாடியேறி வந்தார். அவருக்குப் பின்னால் கையில் டேப்போடு ஆசாரி. செக்கிங் மேசைக்கு அளவெடுக்கத்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் பெரியவர் ஆசாரியை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்கம்மிணி, இதைச் சித்த பாருங்க. நேத்து மத்தியானத்துல இருந்து இந்தப் புள்ள ஒரு குழிக்குள்ளயே நிக்கறாளுங்க. வெளிய வர வழி காணமுங்க."

கார்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா, நீங்க ஆடுனீங்களா?"

"ஏன், நான் ஆடக் கூடாதா? பாய்ச்சல்னு ஒண்ணு குடுத்தீங்கல்ல, அதுல ஒரு பள்ளத்தத் தாண்டிப் பாஞ்சேன். அந்தப் பக்கம் ஒரு சந்து. உள்ள போனாக் குழி."

ஸ்டீபன் எழுந்து வந்து போனை வாங்கிப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து நானும் சுவருக்குப் போனேன். அவன் விரல் வைத்த அறையின் மேல் பச்சை ஸ்டிக்கர் இருந்தது. என்ன நடந்ததென்று மெல்லிய குரலில் சொன்னான். அந்தக் குழியிலிருந்து மேலே ஏறக் கொக்கிக் கயிறு வேண்டும். முன்பெல்லாம் கயிறு கிடைக்காமல் யாரும் அந்தப் பக்கம் வரவே முடியாது. இப்போது பாய்ச்சல் சீக்கிரமே கிடைப்பதால், கயிறு இல்லாதவர்களும் பள்ளத்தைத் தாண்டி உள்ளே வந்துவிடலாம். வந்தவுடன் விளையாட்டு தானாகவே அந்த இடத்தைச் சேமித்துக்கொள்ளும், முந்தைய சேமிப்பு அழிந்துபோகும். கயிறோ வேறெங்கோ இருக்கிறது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. நாங்கள் பச்சை ஒட்டிய அறை மாறவில்லை, அதற்குள் வருகிறவள் மாறிப்போயிருந்தாள்.

பெரியவர் கையை நீட்டினார். "குடு கண்ணு. வழியச் சொல்லீராத. நானே கண்டுபுடிக்கறேன். எங்காச்சும் இருக்கும்."

ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தார். பட்டன் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. ஒரு மூலையில் தாவுவார், சுவரில் மோதுவார், விழுவார். மறுமூலையில் தாவுவார். கார்த்தி என் காதருகே வந்தார். "அக்கா, அப்பாகிட்ட எதுவும் சொல்லாதீங்க. போன் ஹேங் ஆயிருச்சுன்னு வாங்கி, புதுசா ஏத்திக் குடுத்துரலாமுங்க. ஆசாரி வேற நிக்கறாரு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு சின்னப் பொய், ஹால் தப்பிக்கும். ஆனால் அந்தப் பட்டன் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. வழி இல்லாத இடத்தில் ஒரு மனுஷன் வழி இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார். அப்படி நம்பச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான். எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன். எழுந்து அவரிடம் போனேன்.

"அய்யா, அதுல வழி இல்லீங்க."

நிமிர்ந்து பார்த்தார்.

"தப்பு எங்களுதுங்க. கயிறு இல்லாம அங்க வர முடியாதுன்னு நெனச்சுட்டோம். நீங்க எவ்வளவு தேடுனாலும் வெளிய வர முடியாதுங்க."

பெரியவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நேத்துப் பூரா நான் இல்லாத வழியத் தேடீட்டு இருந்தனுங்களா?"

"ஆமாங்கய்யா."

"எனக்குத்தான் வயசாயிப்போச்சு, புத்திக்கு எட்ட மாட்டேங்குதுன்னு நெனச்சனுங்க."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. போனை என் மேசையில் வைத்தார். "ஆசாரி, அளவெடுத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கார்த்தி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பிழை என்றால் நீங்கள் மறுநாளே திருத்தி அனுப்பிவிடுவீர்கள், ஆடுபவருக்குத் தெரிவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். அந்தப் போன்களில் அது நடக்காது. காசு கொடுத்து ஒருமுறை இறக்கினால் இறக்கியதுதான். கடையை விட்டுப் போன பனியனைப் போய் ஓரம் அடிக்க முடியுமா?

அதனால் அன்றைக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆசாரி எங்களுக்கு நடுவே டேப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். "அம்மிணி, கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்பார், தூக்குவேன், பேச்சு தொடரும். கார்த்தியின் யோசனை சுலபமானது. அந்தச் சந்தின் வாயில் ஒரு கல்லை வைத்து அடைத்துவிடலாம், அரை மணி நேரத்து வேலை. யாரும் குழிக்குள் வர மாட்டார்கள்.

தலையாட்டத்தான் நினைத்தேன். பையரிடம் பேசிப் பேசிப் பழகிய புத்தி ஒன்று உண்டு. ஒரு வாக்கைக் கொடுப்பதற்கு முன்னால், அது நம் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது. ஸ்டீபனிடம் கேட்டேன்: "ஏன்டா, அந்தக் குழிக்கு இந்த ஒரு சந்து வழியாத்தான் வர முடியும், வேற எப்படியும் வர முடியாதுன்னு சத்தியம் பண்ணுவியா?"

"சத்தியமெல்லாம் பண்ணக் கூடாதுக்கா."

"சரி, சும்மா சொல்லு."

அவன் சுவரில் அறை அறையாக விரலை ஓட்டினான். "தெரியலக்கா. பாய்ச்சல் வந்த பொறவு எல்லா ரூமையும் நாம திரும்பப் பாக்கலல்லா. மேல இருந்து தாவி, நடுவுல பாஞ்சு, எவனாவது வந்துருவான். நான் நெனைக்காத வழி எதுன்னு நானே எப்பிடிச் சொல்லுவேன்?"

அன்றைக்கு அந்த ஹாலில் பேசியதில் எனக்கு இன்றுவரை பிடித்த பதில் அது. தெரியாது என்று அவன் சொன்னதால்தான் எனக்கு வழி தெரிந்தது. உள்ளே வருகிற சந்துகள் எத்தனை என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் குழி ஒன்றுதான், அது எங்கே இருக்கிறது என்றும் தெரியும். சந்தை அடைத்தால் அந்தச் சந்தில் வருகிறவர் மட்டும் தப்பிப்பார். குழியிலிருந்து வெளியே ஒரு வழி வைத்துவிட்டால், எந்தச் சந்தில் வந்தவரும் தப்பிப்பார். "அடைக்க வேண்டாம். வெளிய ஒரு வழி வை" என்றேன்.

ஸ்டீபன் பென்சிலை எடுத்தான். குழியின் மூலையில் ஒரு நீர்மடை. அதில் இறங்கினால் நிலத்தடி வாய்க்கால் ஒன்று அவளை இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றின் முதல் படிக்கட்டில் விட்டுவிடும். எதிர்நீச்சல் போட்டு அதன் வழியே உள்ளே வர முடியாது. அழகான யோசனை. ஆனால் புதிய அறையும் ஓடும் தண்ணீர்ப் படமும் வேண்டும், போனில் அதற்கு இடம் இல்லை. விளையாட்டு இவ்வளவு எடைக்கு மேல் போகக் கூடாது என்று பையர் வைத்திருந்த எல்லையைக் கழுத்துவரை நிரப்பியிருந்தோம். எதையாவது எடுத்தால்தான் வாய்க்கால் உள்ளே வரும்.

இருப்பதிலேயே கனமான படம் எது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கடைசியில் கார்த்திதான் சொன்னார். "அப்பாயி பேரு போட்ட படத்தை எடுத்துரு ஸ்டீபன்."

"அண்ணே, பெரியவருக்குப் பிடிச்சதே அது ஒண்ணுதான்."

"நேத்துப் பூரா அவரு அந்தப் படத்தையா பாத்துட்டு இருந்தாரு?" என்றார் கார்த்தி. ஸ்டீபன் படத்தை எடுத்துவிட்டான்.

பையருக்கு நான் போன் செய்தேன். ஒரு குறை கண்டுபிடித்திருக்கிறோம், அதைத் திருத்தி இன்றைக்கே அனுப்புகிறோம், நீங்கள் ஒப்புக்கொண்ட ஓர் அறையைத் தொடப்போகிறோம் என்றேன். குறையை நாம் முந்திச் சொல்ல வேண்டும், அவர் கண்டுபிடித்துச் சொல்ல விடக் கூடாது. இது பனியனுக்கும் விளையாட்டுக்கும் பொது. பையர் பக்கத்திலிருந்து பேசிய அம்மா கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுச் சரி என்றார். ஸ்டீபன் சாப்பிடக்கூட எழவில்லை. வெயில் தாழ்வதற்குள் வாய்க்கால் ஓட ஆரம்பித்தது. நானும் கார்த்தியும் மாறி மாறிக் குழிக்குள் குதித்து, மாறி மாறி வெளியே வந்தோம். சரக்கு போய்ச் சேர்ந்தது.

பின்னால் வெளிநாட்டில் ஆடியவர்கள் எழுதியதிலிருந்து தெரிந்தது, அந்தக் குழிக்குள் வர வேறு வழிகளும் இருந்தன. ஸ்டீபன் பயந்தது சரிதான். வழுக்கி விழுந்தவர்கள் வாய்க்காலில் மிதந்து வெளியே வந்து, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டார்களாம். பச்சை ஸ்டிக்கரையும் அன்றோடு மாற்றினோம். புதிய சக்தி ஒன்றைச் சேர்த்தால், சுவரிலுள்ள எல்லாப் பச்சையையும் கிழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆடுவது. அலுப்பான வேலை. இன்றும் நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டே அதைச் செய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம்.

அந்தச் சாயங்காலத்துக்குத் திரும்புகிறேன். ஸ்டீபன் பெரியவரின் போனில் பழைய சேமிப்பு அழியாமல் புதியதை ஏற்றினான். இரண்டு பேரும் அதை எடுத்துக்கொண்டு கீழே போனோம். பெரியவர் தையல் செக்ஷனில் நின்றுகொண்டிருந்தார்.

"அய்யா, ஒருக்காத் தொறந்து பாருங்க" என்று நீட்டினேன்.

வேண்டாவெறுப்பாக வாங்கித் திறந்தார். முதல் படம் வரவில்லை. புருவம் சுருங்கியது. "அம்மா பேரு எங்கீங்க?"

"அந்த எடத்தை எடுத்துத்தானுங்க உங்க குழிக்கு வழி வெச்சோம். ரெண்டுக்கும் எடம் பத்தலீங்க."

திரையில் அந்தப் பெண் நேற்று நின்ற இடத்திலேயே நின்றாள். பெரியவர் மூலையில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தார். மெல்ல நடத்திக்கொண்டு போய் இறக்கினார். வாய்க்கால் அவளை இழுத்தது, ஒரு நிமிஷம் திரை முழுக்க இருட்டு, அப்புறம் படிக்கட்டில் வெளிச்சம். பெரியவர் பெருமூச்சு விட்டார். அவரே அந்தத் தண்ணீரிலிருந்து எழுந்து வந்ததைப் போலிருந்தது.

"மேல ஒரு செவப்புக் கதவு பூட்டிக் கெடந்துதுங்களே" என்றார் என்னிடம். "அதுக்காச்சும் வழி இருக்குதுங்களா, இல்ல அதுவும் இப்படித்தானுங்களா?"

"இருக்குதுங்கய்யா."

"நெசமாலுமா?"

"நெசமாலுமுங்க."

ஸ்டீபன் ஆர்வமாக வாயைத் திறந்தான். பெரியவர் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். "எங்கன்னு சொல்லீராத கண்ணு. இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும். எத்தனை நாளானாலும் நான் தேடிக்கறேன்."

அந்த நேரம் பார்த்து ஆசாரி வந்தார். "அளவெல்லாம் எடுத்தாச்சுங்க. மேசைக்குப் பலகை வாங்கீரலாமுங்களா?"

பெரியவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சித்த இருப்பா. இவ ஏறீட்டு இருக்கறா" என்றார்.

ஆசாரி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனார். பலகை வாங்கும் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.